பத்தொன்பதாவது

இரவு ஒன்பது நாற்பது. கத்திரி வெயில் இறங்கிய பிறகும்
கம்பம் சுடுகிறது, கையுறை போட்டும்.
தோட்டப்பாளையத்தில் ஒரு சந்து. உச்சியில் நான்.
முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து
ஒரே ஒரு கண்ணாடி இழை, தலைமுடி கனத்தில்.

"சிவப்பு எரியுதா?"
"இல்லண்ணே, பச்சைதான். ஆனா கண்ணடிக்குது."
எல்லா வீட்டிலும் இதே பதில்.
அப்படியென்றால் வெளிச்சம் வருகிறது.
இவர்கள் பேசுவதுதான் போய்ச் சேரவில்லை.

வருவது சுலபம்.
சத்துவாச்சாரியில் கிளம்பும் ஒளி இந்தப் பெட்டிக்குள் உடைந்து
எல்லார் வாசலிலும் எல்லாருடைய தபாலையும் போடும்,
அவரவர் பெட்டி அவரவருடையதை மட்டும் பிரிக்கும்.
போவதுதான் பாடு.
ஒருவர் பேசினால் முப்பத்தொரு பேர் வாய் மூட வேண்டும்.
நொடிக்கு எட்டாயிரம் சுற்று,
உனக்கு இவ்வளவு, உனக்கு இவ்வளவு என்று
அங்கிருந்தே அளந்து போடுகிறார்கள்,
இரண்டு முறைக்கு நடுவே துளி மௌனம் விட்டு.

கிட்டே இருப்பவன் முந்த முடியாது இதில்.
அவனுக்குத்தான் காத்திருப்பு அதிகம்,
பாலாற்றங்கரைக் கடைசி வீட்டின் ஒளி
நடந்து வரும் நேரத்தையும் கணக்கில் வைத்து.
வேலைக்குச் சேர்ந்த வாரம் இதைச் சொன்னார்கள்.
நம்பவில்லை நான். இந்த ஊரில் எந்த வரிசை அப்படி?

சையத் லாட்ஜ் மொட்டைமாடியில் இருக்கிறது.
இரண்டு அடுப்பு, பதினொரு குடும்பம்,
மால்டாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும்
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.
சுவரில் கரியால் மணி எழுதியிருக்கும்.
ஒருவர் சட்டி இறங்கும், அடுத்தவர் சட்டி ஏறும்.

அங்கே இரண்டாம் மாடியில் சுபங்கர்
செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறான்.
விடிந்தால் அவன் மனைவிக்கு ஆபரேஷன்.
எதிர்வீட்டில் ஆம்பூர் ஷூ கம்பெனியின் இம்தியாஸ்
ஜெர்மனிக்காரன் திரையில்
வாய் திறந்தபடி உறைந்திருப்பான் இந்நேரம்.

யாரோ ஒருவர் முறை பார்க்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார்.

பிடுங்குகிறேன். பார்க்கிறேன். திரும்பச் சொருகுகிறேன்.
போனில் மெஹருன்னிசா, திரை முன்னால்:
"இல்ல." "இல்ல." "இன்னும் இல்லண்ணே."
பதினெட்டு. வியர்வை கண்ணுக்குள்.
பத்தொன்பது.
"வந்துடுச்சு! அப்படியே விடுங்க, எல்லாம் வருது!"
கீழே சந்து முழுக்க ஒரு சத்தம், கரண்ட் வந்த மாதிரி.

பத்தொன்பது, பூட்டின வீடு.
தேவபிரசாதம் சார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ரிட்டையர் ஆகி, கோயம்புத்தூரில் மகளோடு, ஏழு மாதமாய்.
நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:
ஆளில்லா வீட்டில் ஓயாத பேச்சு.
பூட்டிய அறையில் வெந்த பெட்டி,
அணைய மறந்துவிட்டது.
அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வெறும் வெளிச்சம்.

போன் போட்டேன். "சார், உங்க பெட்டி பழுது. கழட்டிட்டேன்."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"அதான் தம்பி, ஒன்பது மணியிலிருந்து கேமரா இருட்டு.
படுக்கறதுக்கு முன்னாடி வாசலைப் பார்ப்பேன்.
ஒண்ணும் இருக்காது. ஒரு பூனை வரும்."

சாவி கோமளவல்லி டீச்சரிடம் இருக்கிறதாம்.
நாளைக்குக் காலையில் எனக்குக் காட்பாடியில் நாலு வேலை.
அதைச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் வாய்க்குத் தூசித் தொப்பி மாட்டினேன்.
அவருடைய நேரத்தை இதற்குள்
மற்றவர்களுக்குப் பங்கு போட்டிருக்கும்.
லாட்ஜ் மாடியில் கடுகெண்ணெய் காய்கிறது, யாருடைய முறையோ.
பாதிக் கம்பம் இறங்கி நிற்கிறேன்.
அந்த கேட்டுக்கு அடியில் நுழைந்து
சாம்பல் நிறப் பூனை ஒன்று
கேமராவைப் பார்த்து உட்காருகிறது.